மஞ்சளா, கருப்பா, வெறும் இரும்பா?

போன இதழில் 1970-களின் அமெரிக்கக் கார் ஒன்றின் இன்ஜின் படத்தைப் போட்டு, "புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்களின் பூச்சில் என்ன தப்பு?" என்று ஒரு வரி கேட்டிருந்தேன். விடையைவிட எதிர்க்கேள்விகள்தான் அதிகம் வந்தன, அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. விடையை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஏர் பம்ப் (புகையைக் குறைக்க எக்ஸாஸ்ட் பக்கம் புதுக் காற்றை ஊதும் பம்ப்), வால்வு, குழாய், பிராக்கெட் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கருப்பு பவுடர் கோட்டிங். கம்பெனியில் அந்தச் சாமான்கள் வெவ்வேறு சப்ளையர்களிடமிருந்து வெவ்வேறு நிறத்தில் வந்து ஒரே இன்ஜினில் உட்கார்ந்தவை. எல்லாம் ஒரே கருப்பில் இருந்தாலே அது கம்பெனிப் பூச்சு இல்லை என்று தெரிந்துவிடும்.

கேள்வி: சார், என்னிடம் 1969 கமாரோ இருக்கிறது, மேனுவல் கியர். முந்தைய சொந்தக்காரர் ஏர் பம்ப், வால்வு, குழாய் எல்லாவற்றையும் கழற்றி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார், பெட்டியும் வண்டியோடு வந்தது. பட்டறைக்காரர் எல்லாவற்றையும் பிளாஸ்ட் பண்ணி (பொடியை வேகமாக வீசிச் சுரண்டி) கருப்பு பவுடர் கோட்டிங் போட்டுத் தருகிறேன் என்கிறார். விடலாமா?
— சான் ஹோசே வாசகர்

விடாதீர்கள். பெட்டியை இன்றைக்கே திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.

முதலில் அந்தப் பழைய சொந்தக்காரரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வண்டி வாங்கிய கையோடு பம்பைக் கழற்றிக் குப்பையில் போட்டவர்கள்தான் அதிகம், இன்றைக்கு அதே பம்பைத் தேதிக் குறியீட்டோடு தேடி அலைபவர்களும் அவர்கள் வயதுக்காரர்கள்தான். உங்கள் ஆள் பெட்டியில் போட்டு வைத்தார், பெரிய மனசு.

பம்பின் உடல் அலுமினிய அச்சு வார்ப்பு. அதற்குக் கம்பெனி போட்ட பூச்சு என்ன தெரியுமா? ஒன்றுமில்லை. அச்சிலிருந்து வந்தபடியே விட்டுவிட்டார்கள். அச்சிலிருந்து வந்த அலுமினியத்துக்கு மேலே ஒரு தோல் இருக்கும். கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் மினுமினுப்பு, உருகிய உலோகம் ஓடிய ரேகைகூடச் சில இடத்தில் தெரியும். பிளாஸ்ட் பண்ணினால் அந்தத் தோல் போய்விடும், சாக்பீஸ் தடவிய மாதிரி வெளுத்துவிடும், திரும்ப வராது. கூடவே இன்னொரு ஆபத்து. உள்ளே கார்பன் ஷூக்களுக்கு நடுவே தகடுகள் வழுக்கி ஓடுகிற பம்ப் இது, ஒரு சிட்டிகை கண்ணாடிப் பொடி உள்ளே போனாலும் தேய்ந்துபோகும். துளைகளை இறுக்கமாக அடைத்துவிட்டு மண்ணெண்ணெய், நைலான் பிரஷ், பொறுமை, இந்த மூன்றும் போதும். உடலை வைஸில் வைத்து நெரிக்காதீர்கள், நெம்பாதீர்கள், வளைந்துவிடும். புல்லிக்குப் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் விசிறிதான் உள்ளே போகும் காற்றுக்கு ஃபில்டர். அதை உடைக்காமல் கழற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம், கம்பெனிக் கையேடே அப்படித்தான் சொல்கிறது. நன்றாக இருந்தால் தொடவே வேண்டாம்.

காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வுக்கும் வார்ப்பு உடல் வெறுமையாகத்தான் இருக்கும், மேலே உள்ள தகட்டு மூடியில் பெரும்பாலும் மஞ்சள் ஜிங்க், அதாவது துத்தநாக முலாம் போட்டு மஞ்சளாக்கியது. எக்ஸாஸ்ட் புகை பம்புக்குத் திரும்பாமல் தடுக்க, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் செக் வால்வுகளிலும் பெரும்பாலும் அதே மஞ்சள். பிராக்கெட், புல்லி இரண்டுக்கும் பெட்டியிலேயே விடை இருக்கிறது, தேடவேண்டும். எப்படித் தேடுவது என்றால், வெளியே தெரியும் பக்கத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். 55 வருஷம் எண்ணெயும் சூடும் பட்ட முகம் அது, பொய் சொல்லும். போல்ட் தலை அமர்ந்திருந்த வட்டம், கிளிப் கவ்வியிருந்த பட்டை, இரண்டு தகடுகள் ஒட்டியிருந்த நடுப்பகுதி, புல்லியின் மையத்தில் ஹப் அமர்ந்த இடம், இங்கெல்லாம் கம்பெனிப் பூச்சு அப்படியே இருக்கும். மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ பஞ்சில் தொட்டு மெதுவாக எடுங்கள். தின்னர் வேண்டாம், அழுக்கோடு பெயின்டையும் கரைத்துக்கொண்டு வந்துவிடும். துடைப்பதற்கு முன்னால் ஒரு படம், துடைத்த பின்னால் ஒரு படம், இரண்டும் வெயில் வெளிச்சத்தில். டியூப் லைட்டில் எடுத்தால் மஞ்சள் ஜிங்க் வெள்ளையாகவும், பாஸ்பேட் (இரும்பின் மேல் ரசாயனத்தால் ஏற்றும் மங்கலான கரும்பூச்சு) பெயின்ட் மாதிரியும் தெரியும்.

இதை எல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பல வருஷம் முன்னால் ஒரு பிராக்கெட்டை நானே பிளாஸ்ட் கேபினெட்டுக்குள் போட்டவன். ஐந்து நிமிட வேலை. வெளியே எடுத்துத் திருப்பினால் போல்ட் தலை மறைத்திருந்த இடத்தில் கால் ரூபாய் அளவுக்கு மட்டும் மங்கலான பச்சை கலந்த கருப்பு மிச்சம். பாஸ்பேட். அது தவிர மீதி முழுவதையும் பெயின்ட் என்று நினைத்துத்தான் உரித்திருக்கிறேன்.

கேள்வி: இந்த மஞ்சள் பூச்சைக் கேட்மியம் என்கிறார் ஒருவர், ஜிங்க் என்கிறார் இன்னொருவர், கார் ஷோவில் இதற்காக ஒரு சண்டையே நடந்தது. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியுமா?
— எடிசன், நியூ ஜெர்சி

இரண்டு பேருமே பாதி சரி. மஞ்சள் நிறம் கேட்மியத்துடையதும் இல்லை, ஜிங்குடையதும் இல்லை. இரண்டுமே வெள்ளி நிற முலாம்தான். அதை எடுத்து சில விநாடிகள் குரோமேட் கரைசலில் முக்கினால் மேலே ஒரு மெல்லிய படலம் உட்காரும், மஞ்சள் அந்தப் படலத்தின் நிறம். ஆகவே மஞ்சளைப் பார்த்து அடியில் இருப்பது என்ன என்று சண்டை போடுவது, சட்டையைப் பார்த்து ஆளின் ரத்த வகையைச் சொல்கிற கதை. வெள்ளியாகவே விட்டதில்தான் கொஞ்சம் பிரிக்கலாம்: கேட்மியம் சற்றே மங்கலாக, மழமழப்பாக இருக்கும், ஜிங்கில் லேசாக நீலம் ஓடும். அதுவும் புதிதாக இருக்கும்போது.

நல்ல பழைய குரோமேட்டை அடையாளம் கண்டுகொள்ள ஒரு வழி, கையில் வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். புறாக் கழுத்து மாதிரி மஞ்சளுக்குள் பச்சையும் ரோஸும் நெளியும், ஒரே துண்டில் ஒரு மூலை வெளிறியும் இன்னொரு மூலை அடர்ந்தும் இருக்கும். முக்கிய நேரம், முக்கும்போது துண்டு தொங்கிய விதம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்துக் கரைசலில் இருந்தது ஆறு இணைதிற குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது. ஐரோப்பாவில் 2007-லிருந்து புதிய கார்களில் அதற்குத் தடை. இப்போது பல பட்டறைகளில் மூன்று இணைதிற கரைசல்தான் ஓடுகிறது. அதில் மஞ்சள் வேண்டுமென்றால் சாயம் சேர்க்கிறார்கள், சீராக, தட்டையாக, எலுமிச்சம்பழத் தோல் மாதிரி வரும். தப்பில்லை, ஆனால் நெளிவு குறைவு. வேலை கொடுக்கும்முன் மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். அந்தப் பழைய படலம் சூடு தாங்காது, 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே ஈரம் போய் விரிசல் விட ஆரம்பித்துவிடும். செக் வால்வும் ஈ.ஜி.ஆர். வால்வும் (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடுவது) உட்கார்ந்திருப்பது எக்ஸாஸ்ட் பக்கத்தில். ஆகவே உங்கள் பழைய வால்வு இன்றைக்கு வெள்ளியாகவோ பழுப்பாகவோ இருப்பதை வைத்து "இது வெள்ளை ஜிங்க்" என்று முடிவு கட்டாதீர்கள். மரையின் அடிப்பள்ளத்தில் பாருங்கள், மஞ்சள் ஒளிந்திருக்கும்.

பழைய சாமானில் கேட்மியம் இருக்கலாம் என்று நினைத்தே கை வையுங்கள். உப்புத்தண்ணீர் தாங்கும், மரை இறுகாமல் வழுக்கும் என்பதால் போல்ட்டுகளுக்கு அதை நிறையப் போட்டார்கள். அதன் பொடி விஷம், சூடாக்கினால் வரும் புகை அதைவிட மோசம். இறுகிய கிளாம்பைக் கழற்ற டார்ச் காட்டுவது, உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்ப்பது இரண்டுமே வேண்டாம்.

கேள்வி: அண்ணா, என் கணவர் அந்தப் பம்பைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். எதற்கு என்று கேட்டால் சரியான பதில் இல்லை. வண்டியின் பவரைக் குறைக்கிற சாமானுக்கா இத்தனை சீராட்டு?
— ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

உங்கள் ஊர்க் கதைதானே அம்மா இது. 1943 கோடையில் லாஸ் ஏஞ்சலிஸில் கண் எரிகிற புகைமூட்டம் இறங்கியபோது ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றே சிலர் பயந்தார்கள். பிறகு கால்டெக்கில் இருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர், 1950-களின் தொடக்கத்தில், வண்டிப் புகையிலும் எண்ணெய் ஆலைப் புகையிலும் உள்ள ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுவதைக் காட்டினார். கம்பெனிகள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. 1961 மாடலிலிருந்து கலிஃபோர்னியா வண்டிகளில் பி.சி.வி. வால்வு (இன்ஜினின் அடிப்பகுதி ஆவியைத் திரும்ப எரிக்க அனுப்புவது), 1966 மாடலில் கலிஃபோர்னியாவில் எக்ஸாஸ்ட் வரம்பு, 1968-ல் நாடு முழுக்க அது, 1973 வாக்கில் பெரும்பாலான வண்டிகளில் ஈ.ஜி.ஆர்., 1975-ல் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். உங்கள் வீட்டுக்காரர் துடைப்பது அந்த வரிசையில் ஒன்று. எரியாமல் வெளியே வரும் பெட்ரோல் ஆவி மேல், எக்ஸாஸ்ட் வால்வு வாசலிலேயே புதுக் காற்றை ஊதி அங்கேயே எரித்துவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. ஜெனரல் மோட்டார்ஸ் அதை ஏ.ஐ.ஆர். என்றது, ஃபோர்டு தெர்மாக்டர் என்றது, ஏ.எம்.சி. ஏர் கார்டு என்றது.

பவர் விஷயத்தில் பம்ப் பாவம். அது இழுப்பது மிகக் கொஞ்சம். 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக கம்ப்ரஷனைக் குறைத்தது, 1972-ல் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறி, விசிறி, ஏர் கிளீனர், எக்ஸாஸ்ட் எல்லாம் மாட்டிய நிலையில் அளந்து அச்சிட்டார்கள். காகிதத்தில் எண் விழுந்தது, பழி பம்பின் தலையில் விழுந்தது. கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு ஸ்மாக் சோதனை கிடையாது என்பது உண்மை, அதற்காகக் கழற்றிப் போடலாம் என்று சட்டம் சொல்லவில்லை. அவர் துடைக்கட்டும்.

கேள்வி: கோயம்புத்தூரில் சின்ன பிளேட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் லீவுக்கு வந்தபோது 1970-களின் செவ்ரலே சாமான்கள் ஒரு பெட்டி கொண்டுவந்து, "எல்லாம் யெல்லோ ஜிங்க் போட்டுக் கொடு மாப்பிள்ளை" என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கு வருவதெல்லாம் பம்ப்செட் போல்ட்டும் டெக்ஸ்டைல் மெஷின் சாமானும்தான். ஏதாவது கவனிக்கவேண்டுமா?

இந்தக் கேள்விக்காகவே இந்த மாதம் இந்தப் பகுதியை எழுதலாம். உங்கள் கை தெரிந்த வேலைதான், ஆனால் பெட்டியை அப்படியே ஆசிட்டில் கவிழ்த்துவிடாதீர்கள்.

முதல் வேலை, காந்தம் எடுத்துக்கொண்டு உட்காருவது. காந்தம் ஒட்டாதது எதுவும் உங்கள் லைனுக்குள் போகக்கூடாது. அலுமினியம் காஸ்டிக்கில் கரையும், ஜிங்க் வார்ப்பு ஹைட்ரோகுளோரிக்கில் நுரைத்துக்கொண்டு காணாமல் போகும். அமெரிக்க கார்புரேட்டர்கள் பலவற்றின் உடல் இந்த ஜிங்க் வார்ப்புதான். ஹோலி கார்புரேட்டரின் மஞ்சள், முலாமே இல்லாமல் வார்ப்பின் மேல் நேராகக் குரோமேட் ஏறிய மஞ்சள். அதைச் சுத்தம் செய்து குரோமேட்டில் முக்கினால் போதும், முலாம் தேவையே இல்லை.

அடுத்து, டயஃப்ரம் இருக்கிற எதையும் தனியாக வையுங்கள். ஈ.ஜி.ஆர். வால்வின் மேல்பாகம் குடை மாதிரி இரண்டு தகடு சேர்த்து விளிம்பு மடித்த டப்பா, உள்ளே ரப்பர், ஸ்பிரிங். டாங்கில் முக்கினால் ஆசிட் உள்ளே போகும், வெளியே வராது, ஆறு மாதம் கழித்து மச்சான் போன் பண்ணுவார். அதை முக்காமல், டப்பாவை மட்டும் சுத்தம் செய்து பிரஷ் பிளேட்டிங்கில் பண்ணலாம், இல்லையென்றால் கையே வைக்காமல் விடலாம். அதன் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, அதற்கு மஞ்சள் கிடையாது.

அப்புறம் ஸ்பிரிங், ஸ்பிரிங் கிளாம்ப். ஹோஸ் பைப்பைக் கவ்வுகிற அந்தக் கம்பி வளையங்களும் ஒரு வகையில் ஸ்பிரிங்தான். உறுதியான எஃகு ஆசிட்டிலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜனைக் குடித்துக்கொள்ளும், பிறகு ஒருநாள் சும்மா இருக்கும்போதே டப்பென்று ஒடியும். முலாம் போட்ட நாலு மணி நேரத்துக்குள் 190-லிருந்து 220 டிகிரியில் குறைந்தது நாலு மணி நேரம் ஓவனில் வையுங்கள், குரோமேட் அதற்குப் பிறகுதான், முன்னால் போட்டால் சூட்டில் படலம் போய்விடும். இந்த கிளாம்புகளில் நிறைய பாஸ்பேட்டில்தான் வந்தன, ஆகவே மச்சான் சொன்னாலும் மஞ்சள் போடாமல் இடுக்கில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்பேட் என்றால் ஆசிட் வேண்டாம், பிளாஸ்ட் பண்ணிவிட்டு நேராகப் பாஸ்பேட்டிங், எண்ணெயில் முக்கி எடுத்தால் முடிந்தது. ஜிங்க் பாஸ்பேட் சாம்பல் நிறத்தில் வரும், மாங்கனீஸ் என்றால் இன்னும் கருமை. பாஸ்பேட்டுக்குப் பதிலாக பிளாக்கோடைசிங் (கருப்பு ஆக்சைடு பூச்சு) போட்டுவிடாதீர்கள், தூரத்திலிருந்து இரண்டும் கருப்புதான், கையில் எடுத்தால் ஒன்று மாவு மாதிரி மந்தம், மற்றது துப்பாக்கி மாதிரி மினுமினுப்பு.

கடைசியாக, உங்கள் ஆட்களிடம் சொல்லவேண்டியது ஒன்று: பஃப் போடாதீர்கள். நல்ல பையன்கள், துரு தெரிந்தால் பஃபிங் வீலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இவை பிரஸ்ஸில் அடித்த தகடுகள், அச்சின் கீறல், விளிம்பில் பிசிறு எல்லாம் இருக்கும், அதன் மேல்தான் முலாம். பஃப் போட்டு, பிரைட்னர் ஊற்றிய ஆசிட் ஜிங்கில் போட்டால் குளியலறைக் குழாய் மாதிரி வந்து நிற்கும். சின்ன போல்ட்டுகள் பேரலில் உருட்டுங்கள், கம்பெனியும் அப்படித்தான் போட்டது, சின்னச் சின்ன உரசல் இருப்பதே சரி. எண் பொறித்த இடங்களை ஆசிட்டில் ஊறவிடாதீர்கள், பொறித்தது மழுங்கினால் மச்சானுக்கு அந்தச் சாமானின் பாதி மதிப்பு போச்சு. 8 மைக்ரான் தாராளம்.

கேள்வி: முலாம் போட ஆள் கிடைக்கவில்லை. தங்கநிற ஸ்ப்ரே பெயின்ட் அடித்து மேலே பச்சை, சிவப்பு லேசாகத் தூவினால் அப்படியே மஞ்சள் ஜிங்க் மாதிரி வரும் என்கிறார்கள். உண்மையா?
— ஸ்கார்பரோ, கனடா

ஏர் கிளீனர் பக்கத்து பிராக்கெட், வேக்யூம் கிளிப் மாதிரிச் சூடு படாத சாமானுக்கு, நாலடி தள்ளி நின்று பார்த்தால், வரும். எக்ஸாஸ்ட் பக்கம் வராது. ஒரு பட்டறையில் எனக்கு ஈ.ஜி.ஆர். வால்வு ஒன்றை இப்படி அடித்துக் கொடுத்தார்கள், முலாம் என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். ஒரு வாரத்தில் ஏலக்காய் டீ நிறம், மூன்றாம் வாரம் செதில் செதிலாக உரிந்தது. எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு, தபாலில் அனுப்பினாலும் முலாமே போடுங்கள், அதுவும் நிறம் மங்கத்தான் செய்யும், ஆனால் அது மங்குகிற விதம் அசலும் மங்கிய விதம்.

கேள்வி: எக்ஸாஸ்ட் மானிஃபோல்டின் ஓரத்திலும் அதில் மாட்டிய காற்றுக் குழாய் மேலும் இன்ஜின் பெயின்ட் சிதறியிருக்கிறது. அசலிலேயே அப்படித்தானா, நான் சுத்தம் பண்ணலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், சிகாகோ

இன்ஜினைப் பூட்டி முடித்து மொத்தமாக பெயின்ட் அடித்த தொழிற்சாலைகளில் அது சகஜம். மறைப்பு வைத்திருந்தாலும் ஓரத்தில் சிதறும். அடித்தவர் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான இன்ஜின் பார்த்த மனிதர், யாருடைய கார் ஷோவுக்காகவும் அடிக்கவில்லை. மானிஃபோல்டு மேல் பட்டது முதல் சில நாள் ஓட்டத்திலேயே எரிந்துபோயிருக்கும், உங்களிடம் மிச்சம் இருப்பதே ஆச்சரியம். சுத்தம் பண்ணவேண்டாம். புதிதாகக் கட்டுபவர்கள் இந்தச் சிதறலைப் போலியாக அடிப்பதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கை நடுங்கி அடித்ததும், நடுங்குவது போல அடித்ததும் பார்த்தால் தெரிகிறது. ஆனால் கோர்வெட் கார்களை மீட்டெடுப்பவர்களின் சங்கமான என்.சி.ஆர்.எஸ். நடத்தும் போட்டியில் அளவுகோல் அழகு இல்லை, தொழிற்சாலையை விட்டு வந்த தோற்றம்தான், அங்கே மிகையாகப் பளபளக்கும் சாமானுக்கு மதிப்பெண் குறையும். அங்கே போகப்போகிறவர் என்றால் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் அப்பாவின் 1968 அம்பாசிடருக்குச் சரியான எமிஷன் சாமான் பூச்சு எது?
— சென்னை

சாமான் இருந்தால்தானே பூச்சு. நம் ஊரில் பெட்ரோல் வண்டிகளுக்குப் புகை வரம்பு வந்ததே 1990 வாக்கில்தான். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது 1995 ஏப்ரலில், அதுவும் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்ற புது கார்களுக்கு. அப்பாவின் வண்டியைத் துடைத்து, எண்ணெய் மாற்றி, ஓட்டுங்கள்.

கேள்வி: 1973 மஸ்டாங், ஒரே குடும்பத்திடம் இருந்த வண்டி, பெரிதாக யாரும் கை வைக்கவில்லை. ஈ.ஜி.ஆர். வால்வின் பின்பக்கம் மட்டும் இன்னும் மஞ்சள் நெளிகிறது, முன்பக்கம் பழுப்பு. கழற்றி மறு முலாம் போட்டு இரண்டு பக்கமும் சமமாக்கட்டுமா? பிராக்கெட் போல்ட்டுகளின் பூச்சு எது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?
— அட்லாண்டா வாசகி

இரண்டாவதை முதலில் பார்ப்போம். ஃபோர்டில் ஒரு வசதி இருக்கிறது. அவர்களுடைய பாகப் பட்டியலில் போல்ட், நட் எண்களுக்குக் கடைசியில் எஸ் என்ற எழுத்தும் ஒரு எண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த வால்தான் பூச்சு. ஒரே போல்ட், வால் மட்டும் மாறினால் பூச்சு மாறுகிறது என்று அர்த்தம். உங்கள் வருஷத்துப் பட்டியலை எடுத்து எண்ணைப் பாருங்கள், பிறகு வண்டியில் கிளிப்புக்கு அடியில் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகம் தீர்ந்தது. ஒத்துப்போகவில்லை என்றால் நான் வண்டியைத்தான் நம்புவேன், நடுவில் யாரும் போல்ட்டை மாற்றவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால்.

வால்வைக் கழற்றாதீர்கள். அந்தப் பின்பக்கம் 1973-ன் மஞ்சள், அந்தக் கரைசல் இன்று பல பட்டறைகளில் இல்லை. அந்த வருஷத்து மஸ்டாங்கைப் புதிதாகக் கட்டுகிற ஆட்களுக்கு நிறம் பார்க்க உங்கள் வால்வைப் போன்ற ஒன்றுதான் வேண்டும். பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், வெயிலில் எடுத்ததாக இருக்கட்டும். பானெட்டுக்கு அடியில் புகைக் கட்டுப்பாட்டு ஸ்டிக்கர் கிழிந்து மங்கி இருக்கும், அதையும் உரித்துப் புதுசு ஒட்டிவிடாமல் அப்படியே விடுங்கள். முன்பக்கப் பழுப்பை மெல்லிய துணியால் தூசு மட்டும் தட்டுங்கள், பாலிஷ் எதுவும் வேண்டாம்.